டிவிக்குப் பின்னால் ஓடும் பெட்டி

பெயர்: ஹரிதா. வயது: 26. த/பெ: ரங்கராஜ். க/பெ: கதிரேசன். முகவரி: கதவு எண் 14, பாலாஜி நகர் இரண்டாவது வீதி, கணபதி, கோயம்புத்தூர். தொழில்: தனியார் மென்பொருள் நிறுவனத்தில் வேலை.

மேற்படி முகவரியில் பிறந்தது முதல் சென்ற திங்கட்கிழமை வரை என் தகப்பனாருடன் குடியிருந்து வந்தேன். உதவி ஆய்வாளர் திருமதி பழனியாத்தாள் அவர்கள் விசாரிக்க, என் கணவர் அறையில் இல்லாத நிலையில், எவரும் சொல்லிக்கொடுக்காமல் என் சொந்த நினைவிலிருந்து இதைச் சொல்கிறேன். மேலே என் பெயருக்குப் பக்கத்தில் முதலில் தகப்பனார் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. கணவர் பெயரையும் எழுதச் சொன்னேன். அப்படியானால் எதை அடிப்பது என்று எழுத்தர் கேட்டார். எதையும் அடிக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்றேன்.

என் தகப்பனார் கொடுத்த புகார் மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில், கதிரேசன் என்பவர் என் தாயாருக்குச் சிகிச்சை அளிக்க வந்த இடத்தில் நயவஞ்சகமாக எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் வேவு பார்க்கும் கருவி ஒன்றைப் பொருத்தி, அதன் மூலம் வீட்டு நடமாட்டத்தைக் கவனித்து, என்னை மயக்கிக் கடத்திச் சென்றுவிட்டார் என்று இருக்கிறது. கையெழுத்து என் அப்பாவுடையது. வார்த்தைகள் என் சித்தப்பா சசிதருடையவை. என் அப்பா பம்ப்செட் பட்டறை வைத்திருப்பவர். அவர் வாயிலிருந்து நயவஞ்சகம் என்ற சொல் வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என்னை யாரும் கடத்தவில்லை. நான் என் காலால் நடந்து போய் பஸ் ஏறினேன். அந்தக் கருவியை வைத்ததும் நான்தான். புகாரில் பாதிக்கு மேல் அந்தக் கருவியைப் பற்றி இருப்பதாலும், அதைக் கைப்பற்றப் போவதாக இங்கே சொல்லப்படுவதாலும், முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பத்மாவதிக்கு நான்கு வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தனியார் மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்த கதிரேசன் வாரத்தில் சில நாட்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் சொந்த ஊர் காரமடை. அவருடைய தகப்பனார் அங்கப்பன் அங்கே வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். அம்மா சுவரைப் பிடிக்காமல் ஹாலில் நடந்த முதல் நாள் நான் அதை போனில் வீடியோ எடுத்தேன். அந்த வீடியோவில் அம்மா மட்டும்தான் தெரிவார். "இன்னொரு அடிங்கம்மா. பயப்படாதீங்க, நா இருக்கறனுங்க. இன்னொரு அடி" என்று கேட்கும் குரல் கதிரேசனுடையது. அன்றைக்கு என் அப்பா அவரை உட்கார வைத்து, தன் கையாலேயே காபி கலந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் அப்பா காபி கலந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதன் பிறகு ஏழு மாதம் கழித்து இரண்டாவது முறை பக்கவாதம் வந்து அம்மா இறந்துவிட்டார். கதிரேசன் கருமாதிக்கு வந்ததுதான் கடைசி. பிறகு எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்ததே இல்லை. பெட்டி வந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து. ஆகவே அவர் அதைப் பொருத்தினார் என்பதற்கு வழியே இல்லை.

பெட்டி வந்த கதை இதுதான். முன்பு மாடி அறையில் ஒரு பழைய பெரிய கம்ப்யூட்டரை சர்வராக ஓடவிட்டிருந்தேன். அப்பா போனிலும் என் போனிலும் எடுக்கும் படங்கள் தாமாகவே அதில் போய்ச் சேரும். கேட்டில் இருக்கும் கேமராவின் பதிவும் அதில்தான் சேரும். கீழே டிவிக்குத் தனியாக வேறொரு கருவி இருந்தது. என் அப்பா கரண்ட் விஷயத்தில் மிகவும் கறாரானவர். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்குத் தூக்கம் வராது. படுக்கப் போகும் முன்பு டிவி, மிக்ஸி, சார்ஜர் என்று ஒவ்வொரு சுவிட்சாகச் சுவரில் அணைத்துவிட்டுத்தான் போவார். மாடியில் ராப்பகலாக ஒரு கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஓடாத மோட்டாருக்கு எதுக்கு அம்மணி கரண்டு?" என்று தினமும் கேட்பார். அதனால் டிபன் டப்பா அளவில், மின்விசிறிகூட இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டரை வாங்கி, இரண்டு வேலைக்கும் அது ஒன்றே போதும் என்று டிவியின் முதுகில் மாட்டினேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக அன்று எனக்குப் பெரிய நினைப்பு.

ஒரே பெட்டி எப்படி டிவிக்கும் ஆகும், சர்வராகவும் ஆகும், சர்வர் என்றால் என்ன என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு, ஹாலில் விருந்தாளியோடு பேசிக்கொண்டே அடுப்பில் வைத்த பாலையும் கவனித்துக்கொள்கிற ஆள் போல என்று சொன்னேன். டிவியில் தெரிவது விருந்தாளியோடு பேசுகிற வேலை. அப்பா அதில் செய்தி பார்ப்பார், பட்டறைக்கு வேண்டிய கடிதங்களை சோபாவில் உட்கார்ந்து சின்ன கீபோர்டில் அடிப்பார். பால் காய்ச்சுவது பின்னால் நடக்கும். டிவித் திரையை அணைத்தாலும் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். எங்கே இருந்தாலும் கடவுச்சொல்லைப் போட்டு அதைத் திறந்து பார்க்கலாம். அந்தக் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். என் கணவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் கேட்டதும் இல்லை.

பெட்டி வந்த முதல் வாரமே அப்பா வழக்கம்போலச் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டார். காலையில் கேமரா பதிவு இல்லை, போட்டோ பெட்டகம் திறக்கவில்லை. நான் சத்தம் போட்டுவிட்டு சுவிட்சின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். அவர் அதை மறுநாள் பிரித்தார். நான் மறுபடி ஒட்டினேன். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்து கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து பெட்டிக்குப் போகிற ஒயரை அதில் மாட்டிப் பார்த்தார். மீட்டரில் எண் எழும்பவே இல்லை. மீட்டர் கெட்டுவிட்டதா என்று கிரைண்டரில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வந்து பார்த்தார். "இது என்ன சாமி, காத்தக் குடிச்சுட்டு ஓடுது" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த ஒரு சுவிட்சை மட்டும் அவர் தொடுவதில்லை. மற்றவற்றை அணைத்துக்கொண்டே வந்து அதன் எதிரில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்.

அதன் பிறகு அப்பாவுக்காக இன்னொன்றும் செய்தேன். டிவியை யாரும் பயன்படுத்தாமல் விட்டால், கொஞ்ச நேரத்தில் அம்மாவின் படங்கள் ஒவ்வொன்றாகத் தாமாக வரும்படி வைத்தேன். சாயங்காலத்தில் அவரே அந்த நடை வீடியோவைத் தேடிப் போட்டுப் பார்ப்பார். கேட் கேமராவில் மைக் இருக்கிறது, நான் அலுவலகத்தில் இருந்தபடியே கேட்கலாம் என்று அவருக்குக் காட்டியிருந்தேன். அதிலிருந்து எங்கே கிளம்பினாலும் கேமராவை அண்ணாந்து பார்த்து, "பட்டறைக்குப் போயிட்டு வாரேன் அம்மணி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். என் அப்பா மெதுவாகப் பேசுகிறவர். பட்டறையில் லேத் ஓடும்போதுகூடக் குரலை உயர்த்த மாட்டார், கிட்டே போய்க் காதில் சொல்வார். ஆகவே மைக்கின் சத்தத்தை அவருக்காகவே கூட்டி வைத்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கதிரேசனும் நானும் எப்படிப் பழகினோம் என்று கேட்டதற்கு, அது இந்த விசாரணைக்குத் தேவை இல்லை என்று சொல்கிறேன். இருவரும் வயது வந்தவர்கள். கடந்த வைகாசியில் பவானி கூடுதுறையில் மாலை மாற்றிக்கொண்டு, திருமணத்தைச் சட்டப்படி பதிவும் செய்தோம். சான்றிதழின் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் மூன்றாம் வருடத் திதி முடியட்டும், அப்பாவிடம் நானே உட்கார்ந்து சொல்கிறேன், அதுவரை அவரவர் வீட்டில் இருப்போம் என்று கேட்டுக்கொண்டது நான்தான். கதிரேசன் உடனே சொல்லிவிடலாம் என்றுதான் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

திதி சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதற்கு முந்தைய நாள், பெட்டியில் இடம் நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரு பெரிய டிஸ்க்குக்கு மாற்றினேன். மாற்றும்போது, அம்மாவின் படங்களை மட்டும் காட்டு என்று நான் வைத்திருந்த ஏற்பாடு அழிந்து, உள்ளே இருப்பதை எல்லாம் காட்டு என்று ஆகிவிட்டது. என் போன் படங்கள் இருந்ததும் அதே பெட்டியில்தான். தனித்தனிப் பெட்டிகளாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. நான் சரிபார்த்திருக்க வேண்டும். வடைக்கு உளுந்து ஊற வைத்திருந்தார்கள், அரைக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என்னைக் கெடுத்தது நான் என் கையால் மாட்டிய பெட்டி.

திதி முடிந்து சாப்பிட்ட பிறகு சொந்தக்காரர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் அம்மாவின் படங்கள் வந்துகொண்டிருந்தன. அம்மா கல்யாணக் கோலத்தில், அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மா ஊட்டியில் ஸ்வெட்டரோடு. பேச்சு நின்று எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவின் அக்கா பங்காரம்மா அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பாயசம் கொண்டுவந்தேன். அப்போது அம்மா படத்துக்கு அடுத்தபடியாகக் கூடுதுறையில் நானும் கதிரேசனும் கழுத்தில் மாலையோடு நிற்கிற படம் அந்தப் பெரிய டிவி முழுக்க வந்து நின்றது. அதற்கு அடுத்ததாக நான் நெற்றி வகிட்டில் குங்குமத்தோடு சிரிக்கிற படம். யாருக்கும் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. அத்தைக்குக் கண் கலங்கியிருந்ததால் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இது நம்ம பத்மாவை நடக்க வெச்ச பையனல்ல?" என்று என் அப்பாவிடம் கேட்டார். அத்தை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

சித்தப்பா எழுந்து ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அதன் பிறகு அவர் என்னைப் பேசியதை இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கதிரேசனின் சாதியைச் சொல்லிப் பேசியதை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் கன்னத்தில் அறைந்ததும் சித்தப்பாதான். அவர் என் போனைப் பிடுங்கிக்கொண்டார். என் அப்பா என்னை அடிக்கவில்லை. வெகுநேரம் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து வந்து, "உங்கம்மா நாளுல இப்பிடிப் பண்ணிப்போட்டியே" என்று சொன்னார். நான் காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டு, "இனி எம்மூஞ்சில முழிக்காத" என்றார். சித்தப்பா அறைந்த இடம் மறுநாளே சரியாகிவிட்டது. இது இன்னும் வலிக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை காலை, சூலூரில் ஒரு வரன் இருக்கிறது, இந்த வாரத்திலேயே முடித்துவிடலாம் என்று சித்தப்பா அப்பாவிடம் சொல்வதை மாடிப்படியில் நின்று கேட்டேன். ஏற்கெனவே நடந்த கல்யாணத்தை என்ன செய்வது என்று அப்பா கேட்டதற்கு, "அந்தப் பையன் இருந்தாத்தானுங்கண்ணா கல்யாணம்" என்று சித்தப்பா சொன்னார். இதை உதவி ஆய்வாளர் அவர்கள் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இதையேதான் சொன்னேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அப்பா பட்டறைக்கும் சித்தப்பா வெளியிலும் போன பிறகு, லேப்டாப்பில் கதிரேசனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, லேப்டாப் பையோடு மட்டும் கேட்டைத் திறந்து நடந்தேன். கேமராவுக்குக் கீழே வந்தபோது அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பதிவும் பெட்டியில் இருக்கிறது. என்னை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

காந்திபுரம் போய் அங்கிருந்து பஸ்ஸில் அவிநாசி சென்றேன். அங்கே கதிரேசனின் அக்கா செவ்வந்தி, கணவரோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருக்கிறார். வீட்டிலேயே மெஷின் போட்டு பனியன் கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிறவர். கதிரேசனும் அங்கே வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலம் லேப்டாப்பில் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்தேன். நிச்சயம் பிடுங்கியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது. டிவியும் அதே பெட்டியில் ஓடுவதால், இப்போது டிவியில் என்ன ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்பா அந்த நடை வீடியோவைப் போட்டிருந்தார். முடிந்ததும் மறுபடி போட்டார். அவர் அம்மாவைப் பார்க்கத்தான் போட்டிருப்பார். ஆனால் அதில் பேசுகிற குரல் யாருடையது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்ததால் வாக்குமூலம் சற்று நேரம் நிறுத்தப்பட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேட் கேமராவில் சித்தப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேரோடு வந்து கேட்டிலேயே நின்றார். "அண்ணா, அந்தப் பொட்டியப் புடுங்கி எறிங்க. அவ அதுலதான் ஊட்டைப் பாத்துட்டிருப்பா" என்றார். அப்பா, "செரி, நாம் பாத்துக்கறேன்" என்றார். சித்தப்பா போன பிறகு எந்த நிமிடமும் திரை கறுத்துவிடும் என்று காத்திருந்தேன். கறுக்கவில்லை.

அதன் பிறகு நேற்று புதன்கிழமை காலை, செவ்வந்தி அண்ணி தட்டில் இட்லி வைத்துவிட்டு, "கண்ணு, ரண்டு வாய் சாப்புட்டுப்போட்டு அதைப் பாரு" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. கேமராவில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. சித்தப்பாவோடு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் இருவரை மட்டும் எனக்குத் தெரியும், பெயர்களைத் தனியே கொடுத்திருக்கிறேன். சித்தப்பா அப்பாவிடம், "பொட்டியப் புடுங்கியாச்சுங்களா?" என்று கேட்டார். அப்பா, "ம்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அப்பா நகர்ந்து வந்து கேமராவுக்கு நேர் கீழே நின்றுகொண்டார். நின்று, நான் இதுவரை கேட்டிராத சத்தத்தில், "அவிநாசிக்கா போறீங்க சசி? தேர் வீதில அந்தப் பையனோட அக்கா ஊட்டுக்கா?" என்று கேட்டார். சித்தப்பா, "மெதுவாப் பேசுங்கண்ணா, வீதியே பாக்குது" என்றார். அப்பா இன்னும் சத்தமாக, "இப்பவே நேரா அவிநாசியா? காரமடைக்கு அப்பறமாவா? செரி, செரி" என்றார். கார்கள் கிளம்பின.

கார்கள் போன பிறகு அப்பா அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கதிரேசனைக் கூப்பிட்டேன். குழந்தைகளையும் அண்ணியையும் பக்கத்து வீட்டார் தங்கள் ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். காரமடையில் மாமனார் மாமியாருக்குப் போன் செய்து தோட்டத்துக்காரர் வீட்டில் இருக்கச் சொன்னோம். அதன் பிறகு நாங்கள் இருவரும் பைக்கில், அவிநாசி ரோட்டில் எதிரே வந்துவிடுவார்கள் என்பதால், அன்னூர் சுற்றி சத்தி ரோடு வழியாக நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியில் கணபதியில் எங்கள் வீதி முனையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவிநாசி வீடு பூட்டியிருந்ததால் கதவை உதைத்துப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த தையல் மெஷினைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும், எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தெரியும்.

என் அப்பா வேண்டுமென்றே சத்தமாகப் பேசினாரா என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். அவரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார். சொந்தபந்தத்தின் முன்னால் அவருக்கு வேறு பதில் கிடையாது. அவர் கெட்டியான ஆள் அல்ல, தம்பி பேச்சை மீறத் தெரியாதவர், புகாரில் கையெழுத்துப் போட்டதும் அதனால்தான். அதற்காக அவர்மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனாலும் அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பா சசிதர் மீதும் அவருடன் வந்தவர்கள் மீதும் எடுக்க வேண்டும். நான் என் கணவருடன் வாழ விரும்புகிறேன். அப்பா வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், காப்பகத்துக்கும் அனுப்ப வேண்டாம். எங்கள் இருவருக்கும் கணவர் குடும்பத்தாருக்கும் பாதுகாப்பு வேண்டும்.

பெட்டியைக் குறித்து. அதில் சித்தப்பா பேசியதும் ஆட்கள் கிளம்பியதும் பதிவாகியிருப்பதால் வழக்குக்கு வேண்டும், கழற்றிக் கொண்டுவர ஆள் அனுப்பப் போகிறோம் என்று சொல்லப்பட்டது. வேண்டிய பதிவுகளை இங்கிருந்தே பிரதி எடுத்துத் தருகிறேன், கடவுச்சொல்லையும் தருகிறேன், பெட்டியைக் கழற்ற வேண்டாம், அம்மாவின் படங்களும் நடை வீடியோவும் அதில்தான் இருக்கின்றன, சாயங்காலத்தில் அப்பாவுக்கு வேறு துணை இல்லை என்று சொன்னேன். வீட்டுக்காரர் சம்மதம் என்ன என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அப்பாவை உள்ளே அழைத்தார்கள்.

அப்பா உள்ளே வந்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த அதே சட்டை. நான் எழுந்து நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிவிக்குப் பின்னால் இருக்கிற கருவியை யார் வைத்தது என்று உதவி ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு, "என்ற புள்ள வெச்சதுங்க" என்று சொன்னார். புகாரில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டதற்கு, மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அது இன்னும் ஓடுகிறதா, அணைத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, ஓடுகிறது என்றார். அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, எப்போதும் போல மெதுவான குரலில்,

"வேண்டாமுங்க மேடம். அது பாட்டுக்கு ஓடட்டுமுங்க. ஆஃப் பண்ணிப்போட்டா அம்மணிக்கு ஊடு தெரியாதுங்க" என்று சொன்னார்.

இது அவருடைய வாக்குமூலத்தில் வர வேண்டியது, உங்களுடையதில் எதற்கு என்று எழுத்தர் கேட்டார். என்னுடையதிலும் இருக்கட்டும் என்று சொன்னேன்.

மேலே எழுதியுள்ள யாவும் என்னிடம் வரிவரியாகப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு, என் கையால் என் பெயரை எழுதுகிறேன்.

(ஒப்பம்)
ர. ஹரிதா,
க/பெ கதிரேசன்